சூளைக்குப் போகும் வாகை

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராத்தியர் காலத்து ராணுவ நிலப்பரப்புகள் என்று தொகுக்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அன்றிலிருந்து ஊரில் கட்டடப் பேச்சு ஓயவில்லை. வருகிறவர்கள் உட்கார ஒரு கூடம் வேண்டும், கோட்டையின் கதையைச் சொல்ல ஒரு மையம் வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல நூலகம் வேண்டும். இவற்றின் உட்புற வேலைகளை, அதாவது மேசை, பெஞ்சு, தடுப்பு, கதவு, அலமாரி எல்லாவற்றையும் இந்த வட்டாரத்து மரத்தில் செய்யலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். கட்டடத் துறையில் அனுபவமுள்ள ஒருவர் அதை மறுத்து நீளமாக எழுதியிருக்கிறார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. மாவட்டத்தில் டெண்டர் தயாரிக்கிற பலரும் சொல்வதைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் அவர் எழுதியதில் ஒரு வரிகூட ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தவர் எழுதியதாக இல்லை. இருபது வருஷமாக மரவேலைத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செஞ்சி கல்லின் ஊர், மரம் இங்கே ஒட்டாது என்று தொடங்குகிறார். அவர் ராஜகிரி உச்சிவரை ஏறியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவைத் தாண்ட மரப்பாலம்தான் போட்டிருந்தார்கள். எதிரி நெருங்கினால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், மேலே போக வழி கிடையாது. சிவாஜி 1677இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது தொடங்கிய முற்றுகையில், 1698இல் கோட்டை விழும்வரை, ஏழு ஆண்டுக்கு மேல் முகலாயப் படை காத்துக் கிடந்தது. கல்லோடு சேர்ந்து அந்தப் பலகைகளும்தான் காவல் காத்தன. கீழே வாசல்களில் நின்று நிலைக்கல்லைப் பாருங்கள். கதவின் குடுமி சுழன்ற குழி இருக்கும். உள்பக்கச் சுவரில் கணையமரம் நுழைந்த துளை இருக்கும். அந்தக் குழியில் விரலை விட்டால் வழவழவென்று இருக்கிறது. எத்தனை ஆயிரம் முறை கதவு திறந்து மூடியிருந்தால் கருங்கல் அப்படித் தேயும்? கல் நின்றுவிட்டது, மரம் போய்விட்டது. மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு, போனது இருந்ததே இல்லை என்று எழுதுவது வரலாறு ஆகாது.

கோட்டையை விடுங்கள், பக்கத்தில் மேல்மலையனூர் இருக்கிறது. அங்காளம்மனுக்கு மாசித் தேர் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. பனை, புளி, காட்டுவாகை. அவ்வளவும் இந்த மண்ணில் முளைத்தது. லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே, ஆயிரம் கைகள் வடம் பிடித்து இழுக்க, அந்தத் தேர் நகர்கிறது. அதன் எடையையும் குலுக்கலையும் தாங்குகிற மரம், நூலகத்தில் நாலு பிள்ளைகள் முழங்கை ஊன்றுகிற மேசையைத் தாங்காதா? முன்பு நம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பக்கம் அரசே அந்தக் கைவேலைக்கு அடையாளம் கொடுக்கிறது. இன்னொரு பக்கம் அரசுக் கட்டடத்துக்குள் அந்தக் கை நுழையக் கூடாது என்று இவர் சொல்கிறார்.

அடுத்தது கரையான். "நாட்டு மரத்தைக் கரையான் தின்னும், வளையும், பிளக்கும்" என்பது அவருடைய பெரிய ஆயுதம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கள் பட்டறைக்கு வருகிற வாகைக் கட்டையை அறுத்தால் இரண்டு நிறம் தெரியும். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த பகுதி, அது வெளிறு. உள்ளே கரும்பழுப்பாக, நடுநடுவே இன்னும் கறுத்த கோடுகளோடு இருப்பது வைரம். இழைப்புளி ஓடினால் வெளிறில் தூள் உதிரும், வைரத்தில் சுருள் சுருளாக வரும். கரையானும் உளுவும் முதலில் தேடுவது வெளிறைத்தான், ஏனென்றால் மாவுச்சத்து இருப்பது அங்கே. வைரம் பாய்ந்த வாகையையும் பூவரசையும் வேம்பையும் அவை லேசில் தொடுவதில்லை. அந்தக் காலத்தில் வெட்டிய மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் மாவுச்சத்தைக் கரைத்துவிடும். இன்று குளம் வேண்டாம், போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் தொட்டி போதும். மரத்தைப் பதப்படுத்தும் முறைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 401 இருக்கிறது. உலர்த்துவதற்கு ஐ.எஸ். 1141 இருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று ஐ.எஸ். 287 சொல்கிறது. நாட்டின் எந்தப் பகுதியில் எந்த மரம் கிடைக்கும் என்று மண்டலவாரியாகவே பிரித்துத் தருகிறது ஐ.எஸ். 399. அதற்கும் முன்னால், 1881இலேயே, கேம்பிள் என்ற வன அதிகாரி இந்திய மரங்களுக்கு ஒரு கையேடு எழுதிவிட்டார். வெள்ளைக்காரன் வாகையைக் கிழக்கிந்திய வால்நட் என்று பெயரிட்டு விற்றான். பொறியாளராக இருந்துகொண்டு தன் துறையின் தர நிர்ணயங்களையே புரட்டிப் பார்க்காமல், நாட்டு மரம் தரமற்றது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். இது அறியாமை என்றால் படித்துத் திருத்திக்கொள்ளலாம். தெரிந்தே எழுதியிருந்தால் அது குற்றம்.

வளைவதும் பிளப்பதும் மரத்தின் குணம் இல்லை, அவசரத்தின் குணம். பச்சை மரத்தை அறுத்து மறுவாரமே மேசையாக்கினால் பர்மா தேக்கும் வளையும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து, தலைப்பக்கம் வெடிக்காமல் பெயின்ட் பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கிப் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க நேரமில்லாத ஒப்பந்தக்காரர் செய்த தப்பை மரத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

எல்லா மரமும் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. மாமரத்தில் உளு சீக்கிரம் விழும், பதப்படுத்தாமல் கை வைக்கக் கூடாது. புளியின் வைரம் ரம்பப் பல்லைத் தின்றுவிடும், அதுவும் எல்லா மரத்திலும் கிடைக்காது. சீமைக்கருவேலம் கனமான, அசையாத மரம்தான், ஆனால் நீளமான நேர்ப் பலகை கிடைக்காது, சின்னத் துண்டுகளாகத் தரைக்கும் கைப்பிடிக்கும்தான் ஆகும். இதையெல்லாம் அறிந்து தேர்வு செய்வதற்குப் பெயர்தான் தொழில்.

இனி அவர் கண்ணீரோடு எழுதியிருக்கிற இடத்துக்கு வருகிறேன். பொதுக் கட்டடங்களுக்கு மரம் கேட்டால் காடு அழியும் என்கிறார். பக்கமலைக் காட்டில் கோடாரி வைக்கச் சொன்னவர் யார்? நான் பேசியது வரப்பு மரத்தை, தோப்பு மரத்தை, சாலையோர மரத்தை, புயலில் விழுந்த மரத்தை. இவை எல்லாம் இப்போதும் வெட்டப்படுகின்றன, தினமும் வெட்டப்படுகின்றன. திண்டிவனம்–கிருஷ்ணகிரி சாலையை அகலப்படுத்தியபோது செஞ்சி வழியாக நின்ற புளியமரங்கள் விழுந்ததைப் பார்த்தவன் நான். கட்டிப்பிடித்தால் கை எட்டாத அடிமரங்கள். துண்டு போட்டு லாரியில் ஏற்றினார்கள். டன் கணக்கில், விறகு விலைக்கு. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் பண்ருட்டிப் பலாவைச் சாய்த்ததே, தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற பலா, அதில் எவ்வளவு அடுப்புக்கும் சூளைக்கும் போயிற்று என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். வெட்டாமல் இருப்பதா, வெட்டுவதா என்பது நம் முன்னால் இருக்கிற கேள்வியே இல்லை. வெட்டிய மரம் பலகையாக வேண்டுமா, சாம்பலாக வேண்டுமா என்பதே கேள்வி.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். அறுபது வருஷம் காற்றிலிருந்து மரம் இழுத்து வைத்ததைச் செங்கல் சூளை சில நாளில் திரும்பக் காற்றில் விட்டுவிடுகிறது. அதே மரம் மேசையாக நின்றால் இன்னும் ஐம்பது வருஷம் அந்தக் கரிமம் அங்கேயே இருக்கும். இதைவிட முக்கியமானது விவசாயியின் கணக்கு. வரப்பில் நிற்கிற வாகைக்கு விறகு விலைதான் என்றால் பெண் கல்யாணத்துக்கோ போர்வெல்லுக்கோ பணம் தேவைப்படும்போது பன்னிரண்டு வயதிலேயே வெட்டிவிடுவார். கனஅடிக் கணக்கில் விலை கிடைக்கும் என்று தெரிந்தால் வைரம் பாயும்வரை விடுவார், இன்னும் இரண்டு கன்றும் வைப்பார். மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி மரத்தின் மதிப்பை அழிக்கிறவர், தன் கையாலேயே கோடாரியை எடுத்துக் கொடுக்கிறார்.

இந்தப் பரிசோதனையை நாடே ஒரு முறை செய்து பார்த்துவிட்டது. 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை, காட்டைக் காப்பதற்காக, தன் கட்டடங்களில் மரத்தைத் தடை செய்தது. அந்த இடத்தில் வந்தவை இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். தாதுவைத் தோண்டி, உருக்கி, மின்சாரத்தைக் குடித்து வருகிற பொருள்கள். 2020இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். தடை போட்ட துறையே கைவிட்ட வாதத்தை இவர் ஐந்து வருஷம் கழித்துச் செஞ்சியில் புதுக் கண்டுபிடிப்பாக வைக்கிறார்.

மரத்துக்குப் பதிலாக அவர் சிபாரிசு செய்வது என்ன? பிளைவுட்டும், எம்.டி.எஃப். பலகையும், மேலே மைக்காவும். பிளைவுட் எதில் செய்கிறார்கள்? தைலமரத்திலும் பாப்லரிலும் ரப்பர் மரத்திலும். யமுனாநகரிலிருந்தும் பெரும்பாவூரிலிருந்தும் லாரி ஏறி இங்கே வருகிறது. எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக்கிப் பிசினில் அழுத்தியது, அந்தப் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வருஷக்கணக்கில் கசியும். ஆக, செஞ்சி மரம் வேண்டாம், ஹரியானா மரம் வேண்டும் என்கிறார். தேக்கு வேண்டும் என்கிற இடத்தில் கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் கப்பலில் வருவதை வாங்கச் சொல்கிறார். இதில் காட்டின் மேல் அக்கறை எங்கே இருக்கிறது? ஓர் அரசுக் கட்டடத்தில் மூன்று வருஷத்துக்கு முன் போட்ட எம்.டி.எஃப். மேசைகளைப் போன மழைக்காலத்தில் பார்த்தேன். கால்கள் அப்பளம்போல உப்பி, மைக்கா பிளந்து தொங்கியது. அதை இழைக்க முடியாது, சேர்க்க முடியாது, விறகாகவும் எரிக்கக் கூடாது. குப்பைதான். பூவரசு மேசையில் கறை பட்டால் ஒரு இழைப்பு, ஒரு கை எண்ணெய், அவ்வளவு. செலவுக் கணக்கைப் போடுகிறவர் முதல் வருஷத்தோடு நிறுத்திவிட்டார். முப்பது வருஷத்துக்குப் போட்டுக் காட்டட்டும்.

தீப் பயம் காட்டுகிறார். கனமான மரச் சட்டத்தின் மேல்பரப்பு கரியாகி உள்ளே தீ இறங்குவதைத் தாமதப்படுத்தும், நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. இரும்பு 550 டிகிரியை ஒட்டியே தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். பி.வி.சி. பலகை எரிந்தால் வருவது அமிலப் புகை. பொது இடத்தில் ஜனங்களைக் கொல்வது பெரும்பாலும் புகைதான்.

பொதுக் கட்டடத்தில் இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று முடிக்கிறார். ஜப்பான் 2010இல் பொதுக் கட்டடங்களில் மரப் பயன்பாட்டை வளர்க்கத் தனிச் சட்டமே போட்டது. ஹெல்சிங்கியில் 2018இல் திறந்த ஊடி நூலகத்துக்கு ஃபின்லாந்தின் சொந்த ஸ்ப்ரூஸ் மரத்தைப் போர்த்தினார்கள். டெல்லியில் 2023இல் திறந்த புதிய நாடாளுமன்றத்துக்குத் தேக்கு நாக்பூரிலிருந்து போயிற்று. தூரம் வேண்டாம் என்றால் நம் மாவட்டத்திலேயே ஆரோவில் இருக்கிறது. அரித்துக் கிடந்த செம்மண்ணில் கத்திச் சவுக்கை நட்டு மண்ணை மீட்டார்கள், பிறகு அதே மரத்தை அறுத்து மேசை நாற்காலி செய்தார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் மதியத்துக்குள் பார்த்துவிட்டு வரலாம். அதைக்கூடச் செய்யாமல் எழுதியிருக்கிறார்.

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று நியாயம். ஒரே அளவில், ஒரே நாளில் நூறு பெஞ்சுக்கான உள்ளூர் மரம் கேட்டால் இன்று கிடைக்காது. உண்மை. ஏனென்றால் வெட்டிய மரத்தை வாங்கி உலர்த்தி அடுக்கி வைக்கிற கிடங்கு ஒன்றுகூட இல்லை. வேளாண்மைக் கிடங்குகள் இருக்கிற தாலுகாவில் மரத்துக்கு ஒரு கொட்டகை போட என்ன தடை? ராஜகிரி அடிவாரத்தில் நெற்களஞ்சியம் கட்டி முற்றுகையைத் தாங்கிய ஊர் இது. இல்லாததைக் கட்டுவோம் என்று அவர் எழுதியிருந்தால் நான் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்று செஞ்சிப் பக்கம் ஒரு விவசாயியின் கிணற்றடி வாகை வேரோடு சாய்ந்தது. சூளைக்காரர் பேசிய விலைக்கு மேல் கொடுத்து நான் வாங்கினேன். இரண்டு அங்குலப் பலகையாக அறுத்து, கரைசலில் ஊறவைத்து, பட்டறையின் வடக்குப் பக்க நிழலில் அடுக்கினேன். ஒரு நூலகத்தின் வாசிப்பு மேசைகளுக்கு டெண்டர் வந்தபோது, பிளைவுட்டுக்குச் சொன்ன அதே விலையில் இந்த வாகையில் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் இல்லாத பொருள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பலகைகள் அதே இடத்தில் அடுக்கில் இருக்கின்றன. போன வாரம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது, ஒன்றுகூட வளையவில்லை.