ஜீரோ டர்ன் வாங்கப் போறீங்களா? குனிஞ்சு அடியில பாருங்க

புல் வெட்டற வண்டிக்கெல்லாம் ஒரு பதிவான்னு ஊர்ல இருக்கறவங்க சிரிக்கலாம். சிரிங்க, பரவாயில்லை. ஆனா வட கரோலினா, ஜார்ஜியா பக்கம் முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர்னு வீட்டை வாங்கிட்டு, ஏப்ரல் மாசம் முழங்கால் உயரப் புல்லைப் பார்த்து முழிக்கிற நம்மாளுங்களுக்கு இது சிரிப்பு விஷயம் இல்லை. காருக்கு அடுத்தபடியா வீட்டுக்குன்னு வாங்கற பெரிய மெஷின் இதுதான். விலை சுமார் மூவாயிரம் டாலர்ல ஆரம்பிக்குது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பல வருஷம் உழைக்கிற வண்டி வேணும்னா குதிரைத்திறனைப் பார்த்து வாங்காதீங்க. டிரான்ஸ்மிஷனைப் பாருங்க, டெக்கைப் பாருங்க, உதிரிபாகம் எங்க கிடைக்கும்னு பாருங்க. இந்த மூணும் சரியா இருந்தா மீதியெல்லாம் காலப்போக்குல சரி பண்ணிக்கலாம்.

(படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஜாவா. அந்த நாலு வருஷப் படிப்புக்கு இப்பத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கு. கண்டுக்காம படிங்க :-))

டிரான்ஸ்மிஷன்தான் எல்லாம்

ஜீரோ டர்ன்ல ஸ்டியரிங் கிடையாது. ரெண்டு கைக்கு ரெண்டு நெம்புகோல். பின்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன். ஒரு நெம்புகோலை முன்னாடி தள்ளி இன்னொண்ணைப் பின்னாடி இழுத்தா நின்ன இடத்துலயே பம்பரமா சுத்தும். முன்சக்கரம் ரெண்டும் ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி, இழுத்த பக்கம் போகும். 1960களின் தொடக்கத்துல கான்சாஸ் மாநிலத்து ஹெஸ்டன் ஊர்ல ஜான் ரீகியர்ங்கறவர் உருவாக்கி, 'ஹஸ்ட்லர்'ங்கற பேர்ல வந்த அமைப்பு. அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி, ஓட்டறது, திருப்பறது, நிறுத்தறது மூணுமே டிரான்ஸ்மிஷனோட தலையிலதான்.

அதுக்குள்ள ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தத்துல ஒரு மோட்டார் சக்கரத்தைச் சுத்தும். எண்ணெய் சூடேறினாலும் அழுக்கானாலும் உள்ள தேய்மானம் ஆரம்பம். மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கறது இதனாலதான்.

விலை குறைஞ்ச வண்டிகள்ல பெரும்பாலும் ஹைட்ரோ-கியர் கம்பெனியோட இசட்டி-2200 மாதிரி சின்ன டிரான்ஸ்மிஷன் இருக்கும். அதுல ஃபில்டர் இல்லை, வழக்கமா எண்ணெய் மாத்தற ஏற்பாடும் இல்லை. ஒரு படி மேல போனா இசட்டி-2800, அதுக்கும் மேல 3100, 3400. இதுலெல்லாம் ஃபில்டர் உண்டு, எண்ணெய் மாத்தலாம். முதல் தடவை சுமார் 75 மணி நேரம் ஓடினதும், அப்புறம் 400 மணி நேரத்துக்கு ஒரு தடவை. வண்டியைப் பொறுத்து கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

அப்ப எல்லாரும் பெருசுதான் வாங்கணுமா?

இல்லை. இங்கதான் கணக்கு போடணும். மணிக்கு எத்தனை மைல் வேகமோ, அதை டெக் அகலத்தோட (அங்குலத்துல) பெருக்கி 99ஆல வகுத்தா, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஏக்கர்னு வரும். 5 மைல், 42 அங்குலம்னா 2.1 ஏக்கர். திருப்பறது, வெட்டின கோட்டு மேலயே கொஞ்சம் ஏறி வெட்டறது எல்லாம் போக 1.7னு வெச்சுக்கலாம். ஒரு ஏக்கர் வீட்டுல கட்டடம், மரம், பூச்செடின்னு சுத்தி வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். வருஷத்துக்கு 30 வாரம் வெட்டினா 30 மணி நேரம். பத்து வருஷத்துக்கு 300 மணி நேரம்.

வண்டியோட வயசை வருஷத்துல எண்ணாதீங்க, மணி நேரத்துல எண்ணுங்க. சமதரை, ஒரு ஏக்கருக்குள்ளன்னா சின்ன டிரான்ஸ்மிஷனே போதும். மேடு பள்ளம் இருந்தாலோ, ஒண்ணரை ரெண்டு ஏக்கர் இருந்தாலோ ஃபில்டர் வெச்சதுக்குக் காசு கொடுக்கறதுதான் புத்திசாலித்தனம். அரை ஏக்கருக்கும் குறைவா? தள்ளிக்கிட்டே போற சாதா மோவர் போதும் சாமி. தொப்பையும் குறையும்.

குதிரைத்திறன் மாயை

'24 ஹெச்பியாம்டா!'ன்னு வாயைப் பிளக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. புல்வெட்டி இன்ஜின்களோட குதிரைத்திறனைக் கூட்டிப் போட்டு விக்கறாங்கன்னு அமெரிக்காவுல பெரிய கம்பெனிகள் மேல வழக்கு நடந்து, 2010ல சமரசத்துல முடிஞ்சது. அதனாலதான் இப்ப பல வண்டிகள்ல சிசி அளவையோ டார்க்கையோ போடறாங்க. 42 அங்குல டெக்குக்கு நடுத்தரமான ரெட்டை சிலிண்டர் இன்ஜின் தாராளம்.

பேர் மட்டும் பார்த்தும் ஏமாறாதீங்க. கவாசாகின்னு எழுதியிருந்தா போதாது, எந்த வரிசைன்னு பாருங்க. எஃப்ஆர் வீட்டு உபயோகத்துக்கு, எஃப்எக்ஸ் தொழில்முறை ஆட்களுக்கு. வீட்டுக்கு எஃப்ஆர் நல்லாவே போதும். இன்ஜினைக் கொல்றது பெரும்பாலும் நாமதான். எண்ணெய் மாத்தறதில்லை, காத்து ஃபில்டரைத் தட்டறதில்லை, குளிர்காலம் முழுக்க பழைய பெட்ரோலை டேங்குல ஊற விடறோம். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல இருக்கற பெட்ரோல் இந்த இன்ஜின்களுக்கு ஆகாது. பங்க்ல 15 சதவீதம் விலை கம்மியா இருக்கேன்னு கை நீட்டாதீங்க.

டெக்: தகடா, தகரமா?

கடையில நிக்கும்போது வெட்கப்படாம குனிஞ்சு வண்டிக்கு அடியில பாருங்க. டெக் ரெண்டு வகை. ஒரே தகட்டை அச்சுல அழுத்தி வளைச்சது ஒண்ணு. தடிமனான தகடுகளை வெட்டி வெல்டிங் பண்ணினது இன்னொண்ணு. தடிமனை கேஜ்ல சொல்லுவாங்க. எண் குறையக் குறைய தடிமன் கூடும், இதுல நிறைய பேர் குழம்புவாங்க. 13 கேஜ்னா சுமார் 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ்னா 3.4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிசுன்னு கேக்காதீங்க. மரத்து வேர்ல ஒரு தடவை நல்லா இடிச்சா தெரியும்.

அச்சுல அழுத்தினது எல்லாமே மட்டம்னு சொல்ல மாட்டேன். காத்தோட்டம் நல்லா இருக்கும், வெட்டு அழகா இருக்கும். ஆனா மெல்லிசா இருந்தா, ஈரப்புல் ஒட்டிக்கிட்டு துரு ஏறும்போது முதல்ல ஓட்டை விழறது அதுதான். பிளேடைத் தாங்கற ஸ்பிண்டில்ல கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கான்னும் பாருங்க. அஞ்சு டாலர் கிரீஸ்ல முடியற வேலையை ஏன் பேரிங் மாத்தற வேலையா ஆக்கிக்கணும்?

எங்க வாங்கறது?

பெரிய அங்காடியில விலை கொஞ்சம் குறையலாம், உண்மைதான். ஆனா ஜூன் மாசம் வண்டி நின்னா பக்கத்துல யார் பிரிச்சுப் பார்ப்பாங்க? வாங்கறதுக்கு முன்னாடி பக்கத்து டீலருக்குப் போன் போட்டு, 'இந்த மாடலுக்கு பெல்ட்டும் ஸ்பிண்டிலும் இருப்பு இருக்கா?'ன்னு கேளுங்க. தயங்காம பதில் சொன்னா நல்ல கடை. பெரிய கம்பெனி ஆச்சேங்கற நம்பிக்கை மட்டும் போதாது. நூறு வருஷத்துக்கு மேல பழமையான பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனே 2020ல திவால் பாதுகாப்பு கேட்டுப் போய், கை மாறி, தொடர்ந்து நடக்குது. பேட்டரி வண்டிகளும் இப்ப நல்லா வருது. கலிபோர்னியாவுல 2024 மாடல்கள்லேர்ந்து புது பெட்ரோல் புல்வெட்டிக்கு இடமில்லை. ஆனா அதுல பேட்டரிதான் பெரிய செலவு. அதே பேட்டரி எட்டு வருஷம் கழிச்சும் கிடைக்குமாங்கறதைச் சேர்த்து யோசிங்க.

ஹெச்1பி விசாவுல இருக்கற நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வேலை போனா கையில அதிகபட்சம் 60 நாள். வேற வேலை கிடைக்கலைன்னா வீடு, கார், இந்த வண்டி எல்லாத்தையும் வித்தாகணும். டீலர் ஆதரவு இருக்கற, எண்ணெய் மாத்தின தேதியை நோட்டுல எழுதி வெச்ச வண்டிக்கு ஒரு வாரத்துல ஆள் வருவாங்க. உழைப்புங்கறது நமக்கு மறுவிற்பனை விலையும்தான். அதனால கடன் வாங்கிப் புதுசு எடுக்கறதை விட, 200 மணி நேரம் ஓடின நல்ல வண்டியை ரொக்கமா வாங்கறதுக்கே என் ஓட்டு.

எந்த வண்டியா இருந்தாலும்

சரிவு 15 டிகிரிக்கு மேலன்னா ஜீரோ டர்ன் வேண்டாம். சில வண்டிகளுக்குக் கையேட்டுலயே 10 டிகிரிதான். பின்சக்கரம் ஈரத்துல வழுக்கினா பிரேக்கும் போச்சு, திருப்பறதும் போச்சு. முன்சக்கரம் உதவிக்கு வராது. குளக்கரை, தடுப்புச்சுவர் ஓரத்தையெல்லாம் தள்ளற மோவருக்கு விட்டுடுங்க.

கடைசியா, கொஞ்சம் கோபமாவே சொல்றேன். குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு ஓட்டற போட்டோவை வாட்ஸப் குழுவுல போட்டு ஹார்ட்டின் வாங்காதீங்க. சீட்டுல இருந்து ஆள் எழுந்தா இன்ஜின் நிக்கற மாதிரி சுவிட்ச் உண்டு, நிஜம்தான். ஆனா மடியில இருந்து குழந்தை வழுக்கினா நீங்க சீட்டுலதான் இருப்பீங்க. சுவிட்சுக்கு ஒண்ணும் தெரியாது. பிளேடோட நுனி மணிக்கு சுமார் 200 மைல் வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தெளிவா சொல்லுது: 16 வயசுக்குக் கீழ இந்த வண்டியை ஓட்டக்கூடாது, யாரையும் கூட ஏத்தக்கூடாது. புல் வெட்டும்போது சின்னக் குழந்தைங்க வீட்டுக்குள்ள இருக்கணும்.

அழுதா அழட்டும். வெட்டி முடிச்சு, சாவியை எடுத்து, வண்டியை ஷெட்டுல விட்டப்புறம் தூக்கிக் கொஞ்சிக்கலாம்.

உங்க ஏரியாவுல நல்ல டீலர் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள யாருக்காவது உதவும்.