சிமியோனி எட்டப்பனா?

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பேச்சை எடுத்தாலே நம்ம ஆட்கள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "அப்ப எல்லாப் பயலும்தான் ஊசி போட்டான். இவன் மாட்டிக்கிட்டான், அவ்வளவுதான்." போன வாரம் ஒரு நண்பர் இதைச் சொல்லிவிட்டுக் கூடவே ஒரு போடு போட்டார். "அந்த இத்தாலிக்காரன் மட்டும் யோக்கியனா? தானும் தின்னுட்டு அடுத்தவனைக் காட்டிக்கொடுத்த எட்டப்பன்!" எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

அந்த இத்தாலிக்காரர் பெயர் ஃபிலிப்போ சிமியோனி. 1971-ல் பிறந்தவர். பெரிய நட்சத்திரமெல்லாம் இல்லை. தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் முக்கால்வாசிப் பேர் கூலிக்கு மிதிக்கிறவர்கள்தான். அணித்தலைவனுக்குக் காற்று அடிக்காமல் முன்னால் போகணும், பின்னால் வரும் காரிலிருந்து தண்ணி பாட்டில் வாங்கி வரணும். என்றைக்காவது ஒருநாள் தனக்காக ஓட்டிக்கொள்ளலாம். சிமியோனிக்கு ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தில் 2001-லும் 2003-லும் அப்படி ஒவ்வொரு நாள் ஜெயிக்கக் கிடைத்தது. 2001-ல் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தே கோட்டைத் தாண்டினார். செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் செத்துப்போனவர்களுக்காக. (இதை ஞாபகத்தில் வைத்துக்கோங்க. ஒரு அமெரிக்கர் வருகிறார்.)

1996-97 வாக்கில் சிமியோனி மிக்கேலே ஃபெராரி என்ற டாக்டரிடம் போனார். (கார் கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.) அந்தக் காலத்து மருந்து எபோ. கிட்னி கெட்டு ரத்தசோகை வந்தவர்களுக்குக் கொடுக்கிற ஹார்மோன் அது. ரத்தத்தில் சிவப்பணு கூடும், ஆக்சிஜன் கூடும், மலை ஏறும்போது கால் சோராது. அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி ஆளையே கொல்லும். டாக்டர் மேல் வழக்கு வந்தபோது சிமியோனி மழுப்பவில்லை. 2002-ல் இத்தாலியக் கோர்ட்டில், ஆமாம் எடுத்தேன், எப்படி எடுப்பது, சோதனையில் எப்படித் தப்பிப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் இந்த டாக்டர்தான் என்று சாட்சி சொன்னார். தன் தப்புக்குச் சில மாதத் தடையையும் அனுபவித்தார்.

அதே டாக்டர்தான் ஆம்ஸ்ட்ராங்குக்கும். வந்ததே கோபம்! சிமியோனி ஒரு பொய்யன் என்று பேட்டி கொடுத்தார் ஆம்ஸ்ட்ராங். சிமியோனி அவதூறு வழக்குப் போட்டார்.

2004 ஜூலை 23, டூர் டி ஃபிரான்ஸின் 18-வது நாள். ஆறு பேர் கூட்டத்தை விட்டு முன்னால் போய்விட்டார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ளச் சிமியோனி கிளம்புகிறார். மொத்தக் கணக்கில் அவர் நூறாவது இடத்துக்கும் கீழே, ஆம்ஸ்ட்ராங்கைவிட இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியவர். அவரால் யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் மஞ்சள் சட்டை போட்ட ஆம்ஸ்ட்ராங் தானே எழுந்து துரத்திக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டார். எங்க ராமநாதபுரம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களைக் கேளுங்க, ஜெயிக்கப்போகிற வண்டி கடைசி வண்டியை மறிக்க மெனக்கெடுமா என்று. மஞ்சள் சட்டை கூட இருந்தால் பின்னால் இருக்கிற கூட்டம் விடாது, துரத்தும். நீ போனால்தான் எங்களுக்குப் பிழைப்பு என்று அந்த ஆறு பேரும் கெஞ்ச, சிமியோனி திரும்பினால்தான் நானும் திரும்புவேன் என்றார் ஆம்ஸ்ட்ராங். அந்த ஆறு பேருக்காகச் சிமியோனி விட்டுக்கொடுத்துப் பின்வாங்கினார். கூட்டத்துக்குள் வந்ததும் சக வீரர்களிடம் வசவு. சொந்த நாட்டுக்காரர்களும் அதில் சேர்த்தி. ஆம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து உதட்டில் ஜிப் இழுத்து மூடுகிற மாதிரி சைகை காட்டினார்.

எனக்கு ஆத்திரம் ஆம்ஸ்ட்ராங் மேல் பாதிதான். மீதி, திட்டின அந்தக் கூட்டத்து மேல்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு 2004 அக்டோபரில் தண்டனை, 2006 அப்பீலில் அது ரத்து. சிமியோனி 2008-ல் இத்தாலியின் தேசிய சாம்பியன் ஆனார், 36 வயதில். மறுவருஷம் இத்தாலிச் சுற்றின் நூற்றாண்டு. தேசிய சாம்பியன் இருந்த அணிக்கு அழைப்பு இல்லை. ஆம்ஸ்ட்ராங் ஓட்டினார்! சிமியோனி சாம்பியன் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷத்தோடு பந்தயமும் முடிந்தது. 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆம்ஸ்ட்ராங்குக்கும் அந்த டாக்டருக்கும் ஆயுள்தடை போட்டது. 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் டிவியில் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் இத்தாலிக்கே போய்ச் சிமியோனியிடம் மன்னிப்புக் கேட்டார். அதை வைத்து என்ன செய்ய? சட்டையைக் கொடுத்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

இப்ப எட்டப்பனுக்கு வருவோம். (நிஜ எட்டயபுரம் வரலாறு வேற, அதற்குள் இப்ப போகல.) நாம கேட்டு வளர்ந்த கதையில் எட்டப்பன் போய்ச் சேர்ந்தது பலசாலி பக்கம். வெள்ளைக்காரன் பக்கம். சிமியோனி எந்தப் பலசாலி பக்கம் போனார்? ஏழு தடவை டூர் ஜெயித்தவனும், ஸ்பான்சரும், சக வீரர்களும் ஒரு பக்கம் நிற்க இவர் தனியாக நின்றார். "அவனும் எடுத்தவன்தானே" என்கிறீர்கள். எடுக்காதவனுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எப்படிய்யா தெரியும்? உள்ளே இருந்தவன் சொன்னால்தான் உண்டு.

இது என்ன இத்தாலிக்காரன் வம்பு என்று தள்ள முடியாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2023-க்கு வெளியிட்ட கணக்கில் இந்தியாவில் 5,606 மாதிரிகளில் 213 மாட்டியிருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில், சோதனைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருத்தர்தான் வந்து ஓடினார். நம்ம திருச்சி பக்கத்துக் கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹாவில் 800 மீட்டர் தங்கம் வாங்கியபோது தலையில் தூக்கி வைத்து ஆடினோம். நான்ட்ரலோன் இருந்தது என்று தங்கம் போய் நாலு வருஷத் தடை வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். நாம் ச்சே என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

எங்க உத்தரகோசமங்கை மரகத நடராஜர் வருஷம் பூராவும் சந்தனக்காப்பில் இருப்பார். ஆருத்ரா தரிசனத்துக்குத்தான் களைவார்கள். கோயிலுக்கு அது சரி. ஸ்டேடியத்துக்கும் அதே முறையா?

நம்ம ஊரில் ஒரு பையனோ பொண்ணோ நாளைக்கு எழுந்து, எனக்கு ஊசி போட்டது இந்த ஆள் என்று கோர்ட்டில் கையைக் காட்டினால், எட்டப்பன் என்று சொல்லப்போகிற முதல் ஆள் நீங்களா? நண்பரே, உங்களைத்தான் கேட்கிறேன்.

டெல்லி ஸ்டேடியத்துப் பாத்ரூமில் ஊசிகள் கிடந்த வீடியோ வந்ததே, அதை விற்றவன் பெயர் எந்தப் பேப்பரிலாவது வந்திருந்தால் பின்னூட்டத்தில் சுட்டி கொடுங்க.