கேட்பவருக்கும் துணை வேண்டும்

கொடுமைக்கு ஆளான குழந்தையின் கதி பற்றி நாடெங்கும் பேசுகிறோம். அக்குழந்தையின் எதிரே அமர்ந்து, அதன் வாய்மொழியைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஊழியரின் கதி பற்றி நாம் பேசுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இப்பொறுப்பைத் தாங்குவோர் மிகச் சிலரே. மகளிர் காவல் நிலையத்து அதிகாரி, மாஜிஸ்திரேட், குழந்தை நலக் குழுவினர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசகர் ஆகியோரே அவர்கள்.

2012-ம் ஆண்டின் போக்ஸோ சட்டம் குழந்தையின் மனம் நோகாதிருக்க நல்ல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரியே வாக்குமூலம் வாங்க வேண்டும். அப்போது அவர் காக்கி உடையில் இருக்கலாகாது. பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். 2020-ம் ஆண்டின் விதிகள் ஊழியருக்கு அவ்வப்போது பயிற்சி அளிக்கவும் சொல்கின்றன. எனினும் பயிற்சியானது கேட்கும் முறையைக் கற்பிக்குமேயன்றி, கேட்டதைச் சுமக்கும் வலிமையைத் தந்துவிடாது.

பிறர் துயரை இடைவிடாது கேட்போரின் உள்ளத்திலும் அத்துயரின் வடு விழுகிறது என்று 1990-ல் மக்கான், பேர்ல்மன் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இருவர் எழுதினர். உறக்கம் கெடும், தம் சொந்தக் குழந்தைகளைப் பற்றி ஓயாத அச்சம் பிறக்கும், நாளடைவில் உள்ளம் மரத்துப்போகும். மரத்துப்போனவர் கேள்விகளை அவசரமாக முடிப்பார். குழந்தையோ அதை உடனே உணர்ந்து வாய் மூடிக்கொள்ளும். வாக்குமூலம் குறைபட்டால் வழக்கும் குறைபடும். ஆகவே ஊழியருக்குத் துணை செய்வது அவர்களுக்குக் காட்டும் சலுகையன்று. குழந்தைக்குச் செய்யும் நீதியின் ஒரு பகுதியே ஆகும்.

மனவுறுதி இல்லாதவர் இவ்வேலைக்கு ஏன் வரவேண்டும் எனச் சிலர் கேட்கலாம். கல் நெஞ்சரிடம் எந்தக் குழந்தையும் மனம் திறவாது. இரங்கும் உள்ளமே இவ்வேலைக்கு முதல் தகுதி. அந்த உள்ளம் ஒடியாமல் காப்பது சர்க்காரின் கடமை.

பெருநகரில் ஒருவர் களைத்தால் மற்றொருவர் வருவார். 2011-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி பெரம்பலூர் ஜில்லாவின் ஜனத்தொகை ஐந்தரை லட்சத்துக்குச் சற்றே அதிகம். அரியலூரில் ஏழரை லட்சம். இத்தகைய சிறிய ஜில்லாக்களில் மாற்றாள் கிடைப்பது அரிது. காலையில் வாக்குமூலம் எழுதியவர் மாலையில் சந்தையிலோ பஸ் நிலையத்திலோ எதிரியின் உறவினரைச் சந்திக்க நேரும்.

நாம் சொல்லும் யோசனைகள் எளியவை. 2007-ல் பிரிக்கப்பட்ட இவ்விரு ஜில்லாக்களும் இவ்விஷயத்தில் கைகோக்கட்டும். 2022-ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் இரு ஜில்லா ஊழியரும் மாதம் ஒருமுறை மனநல வைத்தியர் முன்னிலையில் கூடி மனம் விட்டுப் பேசட்டும். மேலதிகாரிகள் அங்கு வரலாகாது. அங்கு பேசியது எதுவும் உத்தியோகக் குறிப்பில் ஏறலாகாது. ஏறுமெனில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். கடுமையான வழக்கொன்றை விசாரித்தவருக்கு மறுநாளே இன்னொன்றைக் கொடுக்காமல், அண்டை ஜில்லாவிலிருந்து ஆள் தருவிக்கும் ஏற்பாடும் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஓர் உத்தரவு போதும்.

பொதுஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. சமரசம் என்னும் பெயரால் காவல் நிலைய வாசலுக்குச் செல்லும் ஊர்ப் பெரியவர்கள், அந்த அதிகாரியின் பாரத்தை இரட்டிப்பாக்குகின்றனர். தேசத்தொண்டில் ஈடுபட்டோர் அத்தகையோரைத் தடுத்து நிறுத்த வேண்டும். குழந்தை தைரியமாகப் பேசவேண்டுமென்று விரும்பும் நாம், கேட்பவரும் தைரியமாய் இருக்க வழி செய்தோமா? இரு ஜில்லாக் கலெக்டர்களும் இதை உடனே கவனிப்பார்களென்று நம்புகிறோம்.