பத்தாவது முடிந்த பையன் எந்தப் பக்கம் போவது?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்ததும் சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். பையனை இங்கேயே ஜூனியர் காலேஜில் சேர்ப்பதா, அல்லது வேலூரில் மாமா வீட்டில் விட்டு பிளஸ் டூ படிக்க வைப்பதா? பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் இதைப் பெரும்பாலும் பஸ் வசதியும், உறவினர் வீட்டுச் சாப்பாடும், பாடமொழியுமே தீர்மானிக்கின்றன. பெரிய கல்லூரிகளில் இடம் கிடைப்பது மார்க்கை மட்டுமல்ல, இந்த முடிவையும் பொறுத்தது என்பது இரண்டு வருஷம் கழித்து, விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

ஆந்திரத்தின் விதியை முதலில் பார்ப்போம். 1969ல் தெலுங்கானாக் கிளர்ச்சியும், 1972ல் ஜெய் ஆந்திரா கிளர்ச்சியும் நடந்த பின், 1973ல் ஆறு அம்சத் திட்டம் வந்தது. அதையொட்டி அரசியல் சட்டத்தில் 371-டி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் கீழ் 1974ல் ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவுதான் கல்லூரி அனுமதியை இன்றும் ஆள்கிறது. இதன்படி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரத்தில், அதாவது பழைய சித்தூர், கடப்பை, அனந்தபூர், கர்நூல், நெல்லூர் மாவட்டங்களில், நூற்றுக்கு 85 இடங்கள் 'லோகல்' மாணவர்களுக்கு உரியவை.

யார் லோகல்? இங்கேதான் நம்மவர்கள் வீணாக அஞ்சுகிறார்கள். உத்தரவு தாய்மொழியைக் கேட்கவில்லை. பிறந்த ஊரையும் கேட்கவில்லை. தகுதிப் பரீட்சையில் முடியும் நான்கு கல்வியாண்டுகள் தொடர்ச்சியாக அந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒன்பதாவது, பத்தாவது, இண்டர்மீடியட் இரண்டு வருஷம் ஆகியவற்றைச் சித்தூரிலேயே படித்த தமிழ்ப் பையன், பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையனைப் போலவே முழு லோகல். மாற்றலாகி வந்த குமாஸ்தாவின் மகன் ஒன்பதாவதில் இங்கு சேர்ந்தாலும் போதும்.

அதே பையன் பிளஸ் டூவுக்கு வேலூர் போனால் இந்த நான்கு வருஷக் கணக்கு அறுந்துபோகிறது. ஏழு வருஷப் படிப்பைக் கணக்கிடும் மாற்று விதி ஒன்று உண்டு. ஆனால் அந்த ஏழும் மாநிலத்துக்குள்ளேயே கழிந்திருக்க வேண்டும். எனவே மிஞ்சுவது பொதுவான 15 இடங்களே. பெற்றோரில் ஒருவர் மாநிலத்தில் பத்து வருஷம் வசித்திருந்தால் அவற்றுக்குப் போட்டியிடலாம். ஆனால் அதே 15க்கு லோகல் மாணவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, தமிழ்நாடாவது கைகொடுக்குமா? அங்கே பொறியியல் கவுன்சிலிங்கில் சேர, எட்டாவது முதல் பிளஸ் டூ வரை அங்கேயே படித்திருக்க வேண்டும், அல்லது தமிழ்நாட்டின் இருப்பிடச் சான்று வேண்டும். இரண்டு வருஷம் மட்டும் படித்து, சான்றும் இல்லாதவருக்கு வழி இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை நம்பி அனுப்புவோரும் உண்டு. அதற்கு ஆறாவதிலிருந்தே அங்கு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பையன் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் திரிசங்குவாக நிற்கிறான்.

ஜாதிச் சான்றிதழிலும் இதே சங்கடம். தெனாலியிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பழங்குடிக் குடும்பத்து மாணவர் ஒருவர் மகாராஷ்டிரத்தில் மருத்துவ இடம் கேட்ட வழக்கில், சொந்த மாநிலத்துச் சலுகை கூடவே வராது என்று 1990ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேலூர் போவதில் ஒரு லாபமும் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. என்.ஐ.டி. கல்லூரிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவருக்கு உரியவை. இங்கே மாநிலம் என்பது பிளஸ் டூ தேறிய மாநிலமே தவிர, வீடு இருக்கும் மாநிலம் அல்ல. ஆகவே வேலூரில் பிளஸ் டூ தேறியவர் திருச்சி என்.ஐ.டி.யின் தமிழ்நாட்டுப் பங்குக்குப் போட்டியிடலாம். சித்தூரில் தேறியவருக்கு 2015ல் தொடங்கிய தாடேபள்ளிகூடம் என்.ஐ.டி.தான் சொந்த மாநிலக் கல்லூரி. திருச்சியின் மதிப்பு வேறுதான். ஆனால் அந்த அளவு ரேங்க் வாங்கக் கூடிய பையனா என்பதை அப்பாவும் கணக்கு வாத்தியாரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

ஐ.ஐ.டி.க்கு இந்த எல்லைத் தகராறு கிடையாது. ஏர்ப்பேட்டில் உள்ள திருப்பதி ஐ.ஐ.டி., பக்கத்து ஊர்ப் பையனுக்கென்று ஓர் இடமும் ஒதுக்குவதில்லை. 2024ல் அதற்கான அட்வான்ஸ்டு தேர்வை எழுதியவர்கள் 1,80,200 பேர். தேறியவர்கள் 48,248 பேர். நாடு முழுவதும் இருந்த ஐ.ஐ.டி. இடங்கள் 17,740. அந்தத் தேர்வு ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே நடக்கிறது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவத்துக்கான நீட் தேர்விலும், 2021 முதல் ஜே.இ.இ. மெயின் தேர்விலும் தமிழில் வினாத்தாள் உண்டு. ஆனால் அது தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில் மட்டுமே கிடைக்கும். சித்தூரிலோ திருப்பதியிலோ தேர்வு எழுதும் தமிழ்வழி மாணவர் அதைக் கேட்க முடியாது. உருதுத் தாள் நாட்டின் எல்லா மையங்களிலும் தரப்படுகிறது. சித்தூரிலிருந்து வேலூர் சுமார் ஒரு மணி நேர பஸ் பயணம்; அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு மொழி இல்லாமல் போய்விடுகிறது. நீட் காகிதத்தில் நடப்பது, தாள் அச்சிட்டு அனுப்ப வேண்டும் என்று சமாதானம் சொல்லலாம். ஜே.இ.இ. மெயின் கம்ப்யூட்டரில் நடக்கிறது. வேலூரில் திரையில் தெரிகிற தமிழ் வினாத்தாள் திருப்பதியில் தெரியக் கூடாது என்பதற்கு என்ன காரணம்? எல்லை மாவட்டத்துத் தமிழ்ச் சங்கங்களும் எம்.பி.க்களும் டில்லியில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அதுவரை, பையனை வேலூர் பஸ் ஏற்றும் முன், ஆறாவது முதல் பத்தாவது வரை எந்தெந்த வருஷம் எந்த ஊரில் படித்தான் என்ற ஸ்டடி சர்ட்டிபிகேட்டைத் தலைமையாசிரியரிடம் வாங்கி, மேற்கண்ட விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டி.சி. கேட்டு விண்ணப்பிப்பது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.