காற்றில்லாத உலகமும் கணக்குப் பார்த்தவர்களின் நாணயமும்

"வேறொரு உலகத்தில் காற்று இருப்பது தெரிந்துவிட்டது", "இன்னொரு பூமி அகப்பட்டுவிட்டது" என்பதாகக் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டுப் பத்திரிகைகள் அடிக்கடி சேதி வெளியிட்டு வருவதை நம் வாசகர்கள் பார்த்திருக்கலாம். அச்சேதிகள் பின்னால் என்ன ஆயின என்பதைப்பற்றி அதே பத்திரிகைகள் பெரும்பாலும் மூச்சுக்கூட விடுவதில்லை. எப்போதாவது மறுப்பு வந்தாலும் அது ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். இதன் பலனாக, "இன்றைக்கு உண்டு என்கிறான், நாளைக்கு இல்லை என்கிறான், விஞ்ஞானியின் பேச்சை எப்படி நம்புவது?" என்று படித்தவர்களில்கூடச் சிலர் கேலி பேசுகிறார்கள். இந்தக் கேலி நியாயம்தானா என்பதை ஒரே ஒரு உலகத்தின் கதையைக் கொண்டு யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

அந்த உலகத்திற்கு ஜி.ஜே. 1132 பி என்று பெயர். இரண்டு வானநூல்காரர்களின் பெயர் முதலெழுத்துகளும், அவர்கள் தயாரித்த நட்சத்திரப் பட்டியலின் எண்ணும் சேர்ந்ததேயொழிய அப்பெயரில் வேறு மர்மம் ஒன்றும் இல்லை. 2015-ம் வருஷத்தில், தென் அமெரிக்காவில் சிலி தேசத்து மலையொன்றின்மேல் வைத்திருந்த சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடிகளால் இது கண்டுபிடிக்கப்பட்டது. அக்கண்ணாடிகளின் அகலம் 40 சென்டிமீட்டர்தான். இவ்வுலகம் நமது சூரியனைச் சேர்ந்ததல்ல. சுமார் 41 ஒளியாண்டு தூரத்தில், நம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு அகலமே உள்ள ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் 39 மணி நேரம். அதாவது அங்கே வருஷம் என்பது நமக்கு இரண்டு நாளுக்கும் குறைவு. பருமனில் பூமியைவிடக் கொஞ்சம் பெரியது. கல்லும் இரும்புமான கெட்டி உலகம்.

நேரில் பார்க்க முடியாத ஒன்றைப்பற்றி இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். விளக்கின் முன்னால் ஈ பறந்தால் வெளிச்சம் துளி குறைகிறதல்லவா? அதுபோல இந்த உலகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே வரும்போதெல்லாம் நட்சத்திர ஒளி ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு குறைகிறது. குறையும் அளவிலிருந்து உலகத்தின் பருமனும், எத்தனை மணிக்கொரு தரம் குறைகிறது என்பதிலிருந்து அதன் வருஷமும் கணக்காகின்றன. அந்த உலகத்தைச் சுற்றிக் காற்று இருந்தால், நட்சத்திர ஒளியின் சில நிறங்களை அக்காற்று சற்று அதிகமாகத் தடுக்கும். ஆகவே ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளந்தால் காற்று உண்டா, உண்டென்றால் என்ன காற்று என்பதையும் சொல்லிவிடலாம். வழி சுலபம், ஆனால் அளவு மிக நுட்பமானது. வழக்கு வந்ததும் அங்கேதான்.

2017-ம் வருஷத்தில் ஒரு கூட்டத்தார் காற்று இருப்பதாகத் தெரிகிறது என்றார்கள். 2018-ல் வேறொரு கூட்டத்தார் அளந்து பார்த்து, ஹைட்ரஜன் போன்ற லேசான காற்று தெளிவாக நிறைந்திருக்கவில்லை என்றார்கள். 2021-ல் அமெரிக்காவின் நாசா ஸ்தாபனத்து ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், ஆகாயத்திலுள்ள ஹப்பிள் கண்ணாடி எடுத்த அளவுகளைக்கொண்டு, அங்கே ஹைட்ரஜன், மீத்தேன், ஹைட்ரஜன் சயனைடு ஆகியவை இருப்பதாகச் சொன்னார்கள். பழைய காற்று போய்விட்டதென்றும், உள்ளே குமுறும் நெருப்புக் குழம்பு புதுக் காற்றைக் கக்கியிருக்கலாமென்றும் அதற்குக் காரணமும் கூறினார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின.

ஆனால் அதே வருஷத்திலேயே ஐரோப்பாவில் ஒரு கூட்டத்தார் அதே ஹப்பிள் அளவுகளை எடுத்துத் தாங்களே முதலிலிருந்து கணக்குப் போட்டார்கள். அக்கூட்டத்தில் இன்னும் பயிற்சி நிலையிலிருந்த இளைஞர்களும் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் காற்றுக்கான அடையாளம் ஒன்றும் வரவில்லை. 2022-ல் மூன்றாவது கூட்டத்தாரும் பார்த்தார்கள், அவர்களுக்கும் வரவில்லை.

தோழர்களே! இங்கே சற்று நின்று யோசியுங்கள். முதலில் சொன்னவர்கள் சாமானியர்கள் அல்ல. அப்படியிருக்க, "நீ நேற்றுப் பிறந்தவன், எங்கள் கணக்கைத் தொட உனக்கு என்ன யோக்கியதை?" என்று சொல்லி அந்த இளைஞர்களின் வாயை யாராலும் மூட முடியவில்லை. ஏனெனில் கணக்குப் புஸ்தகம் பூட்டிய பெட்டிக்குள் இல்லை. ஹப்பிள் எடுத்த அளவுகள் எவரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கடையின் பேரேட்டை இரண்டு கணக்கப்பிள்ளைகள் தனித்தனியே கூட்டிப் பார்த்து, தொகை ஒத்து வராவிட்டால் மறுபடியும் கூட்டவேண்டும் என்பதுதானே நியாயம்? யார் மூத்தவர் என்று பார்த்துத் தொகையைத் தீர்மானிக்கிற கடை எத்தனை நாள் நிற்கும்?

நிற்க. 2023-ம் வருஷத்தில் ஹப்பிளைவிடப் பெரிதான ஜேம்ஸ் வெப் கண்ணாடியால் இவ்வுலகம் இரண்டு தரம் பார்க்கப்பட்டது. ஒரு தரம் நீராவி நிறைந்த காற்று இருப்பதுபோல் தோன்றியது. மற்றொரு தரம் ஒன்றுமே தோன்றவில்லை. பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குப் பெயர் வரக்கூடிய முதல் அளவை மாத்திரம் வெளியிட்டு இரண்டாவதை மறைத்துவிட்டார்களா? இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டு, ஒரே ஒரு தரம் அளந்ததை நம்பி முடிவு கட்டுவது ஆபத்து என்று தாங்களே எழுதினார்கள். இந்த நாணயத்தைத்தான் நாம் மெச்சுகிறோம்.

பிறகு வேறு வழியில் சோதனை நடந்தது. இந்த உலகம் தன் நட்சத்திரத்திற்கு மிக அருகில் இருப்பதால் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். கனத்த காற்று இருந்தால் அது வெயில்பட்ட பக்கத்துச் சூட்டை இருட்டுப் பக்கத்துக்கு வாரிக்கொண்டு போகும். வெயில் பக்கம் அவ்வளவுக்குச் சூடு தணிந்திருக்கும். காற்றே இல்லாத மொட்டைப் பாறையானால் வெயில் பக்கம் சுமார் 473 டிகிரி சென்டிகிரேட் வரை காயவேண்டும். ஜேம்ஸ் வெப் கண்ணாடியால் அளந்து 2024-ல் வெளியான சூடு சுமார் 436 டிகிரி. கூடக்குறைய 31 டிகிரி பிசகலாம் என்று அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். இது மொட்டைப் பாறைக்கு ஒத்து வருகிறது. ஆகவே கனத்த காற்று இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே இதனால் ஏற்பட்ட முடிவு. எவ்வளவு பிசகலாம் என்பதையும் தன் சொல்லோடு சேர்த்துச் சொல்லுகிறவனை நம்புவதா, பிசகே இல்லை என்று சத்தியம் செய்கிறவனை நம்புவதா?

"சரி, எங்கேயோ கிடக்கும் ஒரு கல்லுக்குக் காற்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இதற்கு இத்தனை பணமும் பாடும் எதற்கு?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆகாயத்திலுள்ள நட்சத்திரங்களில் நாலில் மூன்று பங்கு இப்படிப்பட்ட சிவப்புக் குள்ளர்களே. அவை இளமையில் மூர்க்கமாகக் கனல் கக்கிப் பக்கத்து உலகங்களின் காற்றை உரித்துவிடக்கூடியவை. அப்படி எல்லாவற்றையும் உரித்துவிட்டன என்று ஏற்பட்டால், நம் தலைக்குமேல் உள்ள காற்று எவ்வளவு அரிய சொத்து என்பது விளங்கும். சில உலகங்கள் தப்பித்துக்கொண்டன என்று ஏற்பட்டால், உயிர் இருக்கக்கூடிய இடங்களைத் தேட வழி திறக்கும். இதற்காகவே இப்படிப்பட்ட பாறை உலகங்களைப் பார்ப்பதற்கென்று ஜேம்ஸ் வெப் கண்ணாடியின் நேரத்தில் 500 மணி ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டில் எந்த முடிவானாலும் அறிவுக்கு லாபமேயன்றி நஷ்டமில்லை.

ஆகவே, விஞ்ஞானி பேச்சு மாறுகிறது என்று கேலி செய்கிறவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: அளவு மாறினால் பேச்சு மாறத்தான் வேண்டும். மாறாதிருந்தால் அல்லவா சந்தேகப்படவேண்டும்? அதே சமயத்தில், கொட்டை எழுத்துச் சேதியைக் கண்டதும் கும்பிடு போட்டுவிடுவதும் அறிவுடைமை ஆகாது. விஞ்ஞானத்தின் பெயரால் வந்தாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான். இனி இப்படியொரு சேதி வரும்போது நம் வாசகர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எத்தனை தரம் அளந்தார்கள்? வேறு யாராவது தனியே அளந்து பார்த்தார்களா? கணக்கைப் பிறர் பார்க்கக் கொடுத்தார்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை, "இருக்கலாம்" என்று சொல்லிப் பொறுத்திருப்பதில் யாருக்கும் மானக்குறைவு இல்லை. வான ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் விஷயத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். நம் வீட்டு விஷயத்திலும், ஊர் விஷயத்திலும் நாம் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?