பொறுதி: பிழைக்கும் ஓர் எல்லை உண்டு

சொன்ன அளவு அணுவும் பிசகாமல் ஒரு பொருளைச் செய்துதர உலகில் எந்தக் கைவினைஞராலும் இயலாது. இக்கூற்று வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டு வேண்டுமென்று கேட்டால், கிடைப்பது 24.98 ஆகவும் இருக்கலாம், 25.01 ஆகவும் இருக்கலாம். சரியாக 25 என்று தோன்றுவதும் இன்னும் நுண்ணிய கருவியால் அளக்குமிடத்துச் சற்று விலகியே காணப்படும். ஆகவே, பட்டறையிலே ஒரு பாகத்தைச் செய்விக்க விரும்புவோர் அளவைச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. அவ்வளவிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பதையும் சொல்லுதல் வேண்டும். பொறுத்துக்கொள்ளத்தக்க அந்த விலகலின் எல்லையே பொறுதி எனப்படும்.

இவ்வெல்லையை விதிப்பது யாது? பழைய வரலாறு ஒன்று இதனை நன்கு விளக்கும். ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தை அமைக்க முயன்ற காலத்தில், உருளையை வட்டம் கெடாமற் குடைவதற்கு ஏற்ற கருவி இருக்கவில்லை. உருளைக்கும் முசலத்துக்கும் இடையே நீராவி கசிந்து வீணாயிற்று. ஜோன் வில்கின்சன் 1774 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற துளைகுடையும் முறை இக்குறையைத் தீர்க்க உதவியது. 50 அங்குல விட்டமுள்ள உருளையொன்று எவ்விடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவுகூடப் பிசகவில்லை என்று, வாட்டின் பங்காளியாகிய மத்தேயு போல்டன் 1776 இல் மகிழ்ந்து எழுதினார். இன்றைய கண்ணுக்கு அது பெரும் பிழையே. எனினும் அந்த இயந்திரம் இயங்குவதற்கு அது போதியதாயிருந்தது. ஒரு பாகம் ஆற்றவேண்டிய தொழிலே அதன் பொறுதியை விதிக்கின்றது.

இனி நம் தேவையொன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக்கு நீரிறைக்கும் பம்பியில், சுழல்தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று கடைவிக்கவேண்டும். அதற்கு மூன்று அளவுகள் உண்டு. மூன்றுக்கும் பொறுதி வேறு வேறு.

முதலாவது உள்விட்டம். நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளந்தபோது தண்டின் விட்டம் 24.970 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு சுழல இடைவெளி வேண்டும். துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாமெனக் குறித்தால், இடைவெளி 0.030 முதல் 0.051 வரை அமையும். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் இஃது அடங்கிவிடும்.

இரண்டாவது வெளிவிட்டம். புஷ் பம்பியின் உடலில் இறுகி நிற்கவேண்டும். உடலிலுள்ள துளை 32.010 ஆயின், புஷ்ஷின் வெளிவிட்டம் 32.026 முதல் 32.042 வரை இருத்தல் தகும். துளையிலும் புஷ் சற்றுப் பெரிதாகையால், அழுத்தியே உட்செலுத்தவேண்டும். அவ்வாறு செலுத்தும்போது அதன் உட்டுளை சிறிது சுருங்கும். ஆதலின், மேலே கூறிய உள்விட்டம் பொருத்தியபின் இருக்கவேண்டிய அளவு என்று படத்தில் எழுதிவிடுதல் நன்று. பட்டறையார் முதலில் துளையைச் சற்றுச் சிறிதாகக் கடைந்து, பொருத்தியபின் ரீமரால் முடித்துத் தருவர்.

மூன்றாவது நீளம். முனைகள் எதனோடும் முட்டாவிடின், 40 மில்லிமீற்றர் நீளத்தில் 0.3 கூடினும் குறையினும் தீங்கில்லை. ஐ.எஸ்.ஓ. 2768 என்னும் சர்வதேச நியமத்தின் நடுத்தர வகுப்பும் இந்நீளத்துக்கு அவ்வளவையே அனுமதிக்கின்றது.

படம் வரையப் பழகும் மாணவர்கள் எல்லா அளவுகளுக்கும் 0.01 என்றே பொறுதி எழுதிவிடுவதுண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது துல்லியத்துக்கும் பொருந்தும். லேத்தில் ஒரே முறையில் முடியும் வேலை, பொறுதி இறுகியதும் சாணை இயந்திரத்துக்குப் போகும். அளக்கும் நேரம் பெருகும். தள்ளுபடியாகும் துண்டுகளும் பெருகும். கூலி உயர்ந்தபோதும் பம்பி முன்னையிலும் நன்றாக நீரிறைக்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு செய்திகள் நினைவிற்குரியன. ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று அளவுகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் 0.1 விலக விட்டால், முடிவில் 0.3 வரை விலகக்கூடும். ஆதலின் முக்கியமான அளவுகளையெல்லாம் ஒரே முகத்திலிருந்து குறிக்கவேண்டும். மற்றது வெப்பம். அளவுகள் 20 பாகை செல்சியசுக்கு உரியனவாகவே கொள்ளப்படும். 100 மில்லிமீற்றர் உருக்குத் துண்டு 30 பாகையில் ஏறத்தாழ 0.012 நீளும், அலுமினியம் அதன் இருமடங்கு நீளும். கடைந்த சூடு ஆறுமுன் அளப்பது ஏமாற்றத்துக்கே வழி.

பொறுதி எழுதப்படாத படத்தினால் வரும் வழக்குக்குத் தீர்ப்புக் கூறுவது அரிது. "தண்டு நுழையவில்லை" என்பார் ஒருவர். "கேட்ட 25 ஐத்தானே செய்தேன்" என்பார் மற்றவர். இருவரும் உண்மையே பேசுவர். ஆயினும் ஒருவர் பணத்தை இழப்பார். அல்லது மற்றவர் ஒருநாட் கூலியை இழப்பார். இரண்டு எல்லைகளை எழுதிக் கொடுத்திருந்தால் கணிச்சியே நடுவராய் நின்றிருக்கும். பிழை எவ்வளவு வரை பொறுக்கப்படும் என்பதை வேலை தொடங்குமுன் கூறிவிடுவது, செய்விப்போர் செய்வோருக்குக் காட்டவேண்டிய நேர்மையாகும்.