மணல்மணலாய் உறைந்த நெய்



கரிசல் மண்ணில் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், 2012-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஒரு நெய்ச் சட்டி ஊர்ப்பேச்சுக்கு இடமாயிற்று. கணவரை இழந்த தாய் ஒருவர் இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, வெண்ணெயும் நெய்யும் விற்று மக்கள் மூவரைப் படிக்கவைத்து வந்தார். அவர் கொடுத்த நெய்யின் மேற்பாதி எண்ணெய்போல் தெளிந்தும், அடிப்பாதி மணல்மணலாய் உறைந்தும் இருக்கக் கண்ட ஒரு வீட்டார், “அடியில் வனஸ்பதி, மேலே எண்ணெய்” என்று சொல்லிவிட்டனர். சொல் பரவிற்று. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாய் நின்றன. நாமும் விதிவிலக்கல்லோம். “இந்த மாதம் நெய் வேண்டாமென்று சொல்லிவிடும்” எனச் சமையற்காரரிடம் கூறினோம். காரணம் சொல்லியனுப்பவில்லை, அந்தத் தாயும் கேட்கவில்லை.

பள்ளியின் அறிவியல் ஆசிரியர்தாம் முதலில் நம்மைத் திருத்தினார். வனஸ்பதி கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஏதுவாக, அதில் நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டுமென்று நம் நாட்டில் சட்டமே வைத்தனர். அத்தகைய வனஸ்பதி கலந்த நெய்யை உருக்கி, செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சீனியும் சேர்த்துக் குலுக்கினால் சிவப்பு நிறம் தோன்றும். (வீட்டில் முயலவேண்டா, அமிலம் பொல்லாதது.) ஆசிரியர் குலுக்கிய குழாயில் நிறம் ஏதும் தோன்றவில்லை.

வருத்தம் தெரிவிக்கச் சென்றபோது அந்தத் தாய், “விடியற்காலையில் வாங்க சாமி, கடைவதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்க” என்றார். சென்றோம்.

மத்தைத் தொடுமுன் அவர் தயிரில் ஓர் அகப்பை வெந்நீர் வார்த்தார். சித்திரையானால் வெந்நீருக்குப் பதில் பானைத் தண்ணீராம். இதில் நுட்பம் உண்டு. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். முழுதும் உருகித் தீருமட்டும் அங்கேயே நிற்கும். பாற்கொழுப்புக்கு அவ்வாறு ஒரே எல்லை இல்லை. அது பலவகைக் கொழுப்புகளின் கூட்டு. சில குளிரிலும் இளகியே நிற்கும், சில வெயிலிலும் உறைந்தே கிடக்கும். இளகியதும் உறைந்ததும் தக்க அளவில் கலந்திருக்கையில்தான் கொழுப்புத் துளிகள் மோதி ஒட்டித் திரளும். குளிர் மிகுந்தால் எவ்வளவு கடைந்தும் திரளாது. சூடு மிகுந்தால் வெண்ணெய் கொழகொழத்து மோரோடு போய்விடும். குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியில் கத்திக்கு இணங்காத வெண்ணெய், 20 டிகிரி அளவில் விரலுக்கு வழிவிடுவதும், 35 டிகிரியை ஒட்டி ஏறக்குறைய முழுதும் உருகுவதும் இதனாலேயே. நம் உடற்சூடு 37 டிகிரி. நாவில் இட்டதும் கரையாமல் என் செய்யும்?

பின்னர் உருக்கினார். வெண்ணெய் முழுதும் கொழுப்பன்று. கடை வெண்ணெயிலேயே நூற்றுக்கு 16 பங்கு அளவில் நீர் உண்டு, வீட்டு வெண்ணெயில் இன்னும் மிகுதி. அந்த நீர் கொதித்து வெளியேறும் ஓசைதான் சடசடப்பு. ஓசை உள்ளவரை சட்டியின் சூடு 100 டிகிரியை வெகுவாகத் தாண்டாது. ஓசை அடங்கினால் சூடு விரைந்தேறும். 110, 120 டிகிரி அளவில் அடியிலுள்ள பாற்பொருள் பொன்னிறமாகி மணக்கும். சற்றே அசந்தால் கருகும். அந்தத் தாயிடம் வெப்பமானி இல்லை. முகத்தைத் திருப்பி நம்மோடு பேசிக்கொண்டிருந்தவர், ஓசை தேய்ந்த கணத்தில் பேச்சை நிறுத்தி, ஒரு பிடி முருங்கைக்கீரையை இட்டுச் சட்டியை இறக்கினார். காதே அவருக்கு வெப்பமானி.

வடித்த நெய்யை இரு பாத்திரங்களில் ஊற்றினார். ஒன்றை, மீன் வண்டிக்காரரிடம் வாங்கிய ஐஸ் மிதந்த தண்ணீரில் வைத்தார். மற்றதைத் துணி சுற்றி அடுப்பருகே விட்டார். மறுநாட்காலை சென்று பார்த்தோம். முதலாவது வழவழப்பாய் ஒரே சீராக உறைந்திருந்தது. இரண்டாவதோ, மேலே தெளிவும் அடியில் மணலுமாய், ஊரார் பழித்த அதே கோலத்தில் நின்றது. மெல்ல ஆறுகையில், உயர்ந்த சூட்டில் உருகும் கொழுப்புகள் முந்திக்கொண்டு பெரிய மணிகளாய் உறைந்து அடியில் தங்குகின்றன. மற்றவை மேலே நெகிழ்ந்தே நிற்கின்றன. எருமை நெய்யில் மணிகள் இன்னும் பெரியவை. ஆகவே மணல்மணலாய் இருப்பது கலப்படத்திற்குச் சான்றாகாது. வழவழப்பும் தூய்மைக்குச் சான்றாகாது.

“ரெண்டும் ஒரே சட்டி நெய்தானே சாமி?” என்று கேட்டார். “ஆம்” என்றோம். அதற்குமேல் சொல்ல நாவெழவில்லை.

அடுத்த ஞாயிறன்று இரு பாத்திரங்களும் கோவில் வராந்தாவில் இருந்தன. ஆசிரியர் அருகில் நின்று விளக்கினார். முதலில் பழி சொன்ன வீட்டாரும் பார்த்தனர். ஒன்றும் சொல்லாமல் சென்றனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக நாம் ஒரு கிலோ நெய் சொல்லியனுப்பினோம். அரைக் கிலோதான் வந்தது. மீதி வேறு வீடுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டதாம்.